தாராவியின் கணக்கை யார் எழுதுவது?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதங்களுக்குள் மாசு குறைந்த எரிபொருளுக்கு மாறியாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரின் காற்று மாசு குறித்துத் தானாக முன்வந்து விசாரித்த வழக்கில் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அது. மாநகராட்சி உடனடியாக நோட்டீஸ் அனுப்பியது. அடுப்பை மாற்றப் பணம் வேண்டும், எரிவாயு இணைப்பு வேண்டும், அவகாசமும் வேண்டும் என்று பேக்கரி உரிமையாளர்கள் முறையிட்டனர். பாவ் ரொட்டியின் விலை உயருமே என்று பொதுமக்களும் கவலைப்பட்டனர்.

அந்த விவாதம் முழுவதிலும் அதிகம் எடுத்தாளப்பட்ட புள்ளிவிவரம், பம்பாய் சுற்றுச்சூழல் செயல் குழு என்ற தன்னார்வ அமைப்பு சுமார் 200 பேக்கரிகளில் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி விறகை எரிப்பதாக அந்த ஆய்வு கூறியது. தொழிலைப் பற்றிய எண்ணைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அமைப்பைக் குறைகூற இதில் எதுவுமில்லை. ஆனால் ஆண்டுக்கு எத்தனை டன் விறகு எரிகிறது, மாற்று அடுப்புக்கு என்ன செலவாகும், எந்த மாற்று எவ்வளவு பயன் தரும் என்று தொழிலைச் செய்பவர்களே முன்கூட்டிக் கணக்கெடுத்து வைத்திருந்தால், நீதிமன்றத்தின் முன் அவர்கள் நின்றிருக்கும் நிலை வேறாக இருந்திருக்கும்.

இன்று பேக்கரிகளுக்கு நேர்ந்தது நாளை மற்ற சிறுதொழில்களுக்கும் நேரும். அதற்குள் ஒவ்வொரு தொழிற்சங்கமும், அதாவது உற்பத்தியாளர்களும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்தும் ஒவ்வொரு சங்கமும், தன் எரிபொருள், மின்சாரம், கரியமில வாயு ஆகியவற்றின் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதித் தரும் வேலையை இன்டர்ன்ஷிப் எனப்படும் மாணவர் களப்பயிற்சியாக அமைக்க முடியும். அதற்கு மத்திய அரசின் பயிற்சித் திட்டங்களில் ஒரு சிறிய திருத்தம் போதும். இந்தக் கோரிக்கைக்கு தாராவியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நாட்டில் வேறில்லை.

செம்பூருக்குக் கணக்கு உண்டு

பெருநகர மும்பை மாநகராட்சி 2022 மார்ச் மாதத்தில் தனது காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. நிகர உமிழ்வு பூஜ்யம் என்ற நிலையை 2050-ஆம் ஆண்டுக்குள் எட்டுவது அதன் இலக்கு. இந்தியா முழுமைக்கும் 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு 2070 என்பதை நினைவில் கொண்டால், மும்பை தனக்குத் தானே இருபது ஆண்டுகள் முந்திய கெடுவை விதித்துக்கொண்டிருப்பது புரியும். அந்த ஆவணத்தின்படி 2019-இல் மும்பையின் பசுமைக்குடில் வாயு உமிழ்வு ஏறக்குறைய 2 கோடியே 34 லட்சம் டன். இதில் பெரும்பங்கு, அதாவது நூற்றுக்கு எழுபதுக்கும் மேல், கட்டடங்களிலும் தொழில்களிலும் செலவாகும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வருவது. அடுத்த இடம் போக்குவரத்துக்கு. குப்பையின் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் செம்பூரைத் தேடினால் கண்டுபிடிப்பது எளிது. மாகுல், டிராம்பே பகுதியில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் உர ஆலையும் டாடா பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. இவை பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை 2022-23 நிதியாண்டிலிருந்து 'செபி' கட்டாயமாக்கிவிட்டது. ஆலையில் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு உமிழ்ந்தது என்பது அச்சிட்ட அறிக்கையில் இருக்கிறது. தணிக்கையாளர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், தில்லியில் பேசுவதற்கு ஆளும் இருக்கிறது.

செம்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராவியின் நிலை இதற்கு நேர் எதிரானது. அங்கே தோல் பட்டறைகள் உண்டு. தையல் கூடங்களும் எம்பிராய்டரி எந்திரங்களும் உண்டு. குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குயவர்களின் கும்பார்வாடாவில் பஞ்சுக் கழிவையும் துணிக் கழிவையும் எரித்து மண்பாண்டம் சுடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் முறுக்கும் சீடையும் சுட்டு நகரெங்கும் அனுப்புகிறார்கள். பதின்மூன்றாவது காம்பவுண்டு பகுதியில் மும்பை தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் தரம் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, கழுவப்பட்டு, மீண்டும் குருணையாகின்றன. இவ்வளவு தொழில் நடக்கும் இடத்துக்கு, நகரின் ஆவணத்தில் தனியாக ஒரு வரி எழுதும் அளவுக்குக்கூட யாரிடமும் விவரம் கிடையாது. தாராவியின் மின்சாரம் பொது மின்சாரக் கணக்கில் கரைந்துவிடுகிறது. அதன் குப்பை பொதுக் குப்பையோடு சேர்ந்துவிடுகிறது.

இதில் ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. ஒரு நகரத்தின் உமிழ்வைக் கணக்கிடும்போது அதன் எல்லைக்குள் எரிந்ததையும், அது வாங்கிய மின்சாரத்தையும், அது கொட்டிய குப்பையையும்தான் முதன்மையாகச் சேர்ப்பார்கள். தாராவியில் நெகிழியை அரைத்து உருக்கும் எந்திரத்தின் மின்சாரம் இந்தக் கணக்கில் பற்றாக விழும். அந்தக் குருணையால், வேறெங்கோ ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் புதிய நெகிழி தயாரிக்க வேண்டிய தேவை குறைந்ததே, அந்த மிச்சம் நகரின் எல்லைக்கு வெளியே நிகழ்வதால் வரவாகப் பதியப்படுவதில்லை. செலவு தாராவியின் பெயரில், சேமிப்பு யாருடைய பெயரிலும் இல்லை. புதிய நெகிழியை எண்ணெயிலிருந்து உருவாக்குவதைவிடப் பழையதைக் குருணையாக்குவதில் உமிழ்வு வெகுவாகக் குறைவு என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட உண்மை. எவ்வளவு குறைவு என்பதைத் தாராவியின் எந்திரங்களில், தாராவியின் மின்கட்டணச் சீட்டுகளை வைத்துச் சொல்ல வேண்டும்.

கணக்கு இல்லாவிட்டால் என்ன நட்டம்?

முதலாவது, இடம். மாநில அரசும் அதானி குழுமமும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்தின் மூலம் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேற்றப்படுகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையோடு அதானி குழுமம் இதற்குத் தேர்வானது. மாசு ஏற்படுத்தாத தொழில்களுக்குத் தாராவிக்குள்ளேயே இடம் உண்டு என்பது திட்டத்தின் நிலைப்பாடு. அப்படியானால் மாசு ஏற்படுத்துவது எது, ஏற்படுத்தாதது எது என்று எந்த அளவுகோலால் முடிவு செய்வார்கள்? ஒரு தொழிலின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதா, அந்தத் தொழிலில் உண்மையில் எரிவதைப் பார்த்து முடிவு செய்வதா? பட்டறையின் கையில் பத்து ரசீதும் ஓர் அட்டவணையும் இருந்தால் இரண்டாவது வழியைக் கோரலாம். எதுவும் இல்லையென்றால் முதல் வழிதான்.

இரண்டாவது, கடன். சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் எரிசக்தியைச் சிக்கனப்படுத்தும் எந்திரங்களுக்கு மாறுவதற்காக 2025 ஜூலையில் மத்திய மின்துறை ஆயிரம் கோடி ரூபாயில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குறு, சிறு நிறுவனங்களின் கடனுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களின் கடனுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் அதில் உண்டு. தோல், ஜவுளி, உணவுப் பதப்படுத்தல், பீங்கான் உள்ளிட்ட 14 துறைகள் அதன் பட்டியலில் உள்ளன. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது தாராவியின் சந்துகளில் நடந்து போவது போலவே இருக்கிறது. ஆனால் மானியம் பெற வேண்டுமானால் 'உத்யம்' பதிவு எண் வேண்டும். எரிசக்தித் தணிக்கை வேண்டும். மாற்றத்துக்கு முன்பு எவ்வளவு செலவானது, பின்பு எவ்வளவு மிச்சமானது என்று காட்ட வேண்டும். ஒற்றை அறையில் நான்கு பேரோடு தொழில் நடத்துபவர் தணிக்கையாளரைத் தேடி எங்கே போவார்?

மூன்றாவது, வாடிக்கையாளர். 'செபி' விதிகளுக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள், தங்களுக்குச் சரக்கு வழங்குபவர்களின் உமிழ்வையும் கேட்கத் தொடங்கியுள்ளன. வெளிநாட்டு ஏற்றுமதியில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக எழுகிறது. தோல் பை தைத்துக் கொடுக்கும் பட்டறைக்கு அந்தப் படிவம் ஒரு நாள் வந்து சேரும். பதில் எழுதத் தெரிந்தவருக்கு ஆர்டர் போகும்.

விறகா, எரிவாயுவா, மின்சாரமா?

கணக்கு என்றவுடன் பெரிய விஞ்ஞானம் என்று மலைக்க வேண்டியதில்லை. ஒரு முறுக்குப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ கரியமில வாயு வெளிவரும். வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு சுமார் 57 கிலோ. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தேசிய சராசரிப்படி, யூனிட் ஒன்றுக்கு சுமார் 0.7 கிலோ. டீசலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. மாதச் சிலிண்டர் எண்ணிக்கை, மின்கட்டணச் சீட்டு, சரக்கு வண்டியின் டீசல் செலவு ஆகிய மூன்றும் கிடைத்தால் கணக்கின் முக்கால் பங்கு முடிந்துவிடும். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

முடிவெடுப்பதில்தான் சிக்கல். நீதிமன்றம் மாசு குறைந்த எரிபொருளுக்கு மாறச் சொன்ன பேக்கரியையே பார்ப்போம். விறகில் புகை அதிகம், நுண்துகள் அதிகம், அடுப்பருகே நிற்பவரின் நுரையீரல் கெடுகிறது. அதை மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்வதேசக் கணக்கு நடைமுறையில், மரம் எரிவதால் வரும் கரியமில வாயு, நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் உமிழ்விலிருந்து பிரித்துத் தனியே காட்டப்படுகிறது. ஆகவே விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய பேக்கரியின் புகை குறையும். அதே வேளையில், காகிதத்தில் அதன் உமிழ்வு கூடியதாகவே தெரியும்.

சரி, மின்சார அடுப்புக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். ஒரு 19 கிலோ சிலிண்டர் தரும் வெப்பம் சுமார் 240 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த 240 யூனிட்டுக்கான உமிழ்வு சுமார் 170 கிலோ, அதாவது சிலிண்டரின் உமிழ்வைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மின்சார அடுப்பில் வெப்பம் வீணாவது குறைவு என்பதால் நடைமுறையில் இந்த வேறுபாடு இவ்வளவு இராது. மின்கட்டமைப்பில் சூரிய ஒளி, காற்றாலை மின்சாரம் கூடக் கூட, வேறுபாடு ஆண்டுக்காண்டு சுருங்கவும் செய்யும். குழாய் எரிவாயு என்றால், அதே வெப்பத்துக்கு சிலிண்டரைவிடப் பத்தில் ஒரு பங்கு உமிழ்வு குறையும். இந்த அடுப்புக்கு, இந்தத் தெருவில், இந்தச் செலவில் எது ஏற்றது என்பதைத் தில்லியிலோ மந்திராலயத்திலோ அமர்ந்து சொல்ல முடியாது. யாராவது போய் அளந்து பார்க்க வேண்டும்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

அளந்து பார்க்க ஆளில்லாத ஊரல்ல அது. மத்திய ரயில் பாதையின் மேற்கே தாராவி. பாதையைக் கடந்தால் கிழக்கே மாதுங்கா. 1887-இல் தொடங்கப்பட்ட வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, இன்று நாட்டின் முன்னணி ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்கும் ஐ.சி.டி. அதன் அருகிலேயே இருக்கிறது. ருயியா கல்லூரியும் வணிகவியலுக்குப் பெயர்பெற்ற பொத்தார் கல்லூரியும் அதே வட்டாரம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். வெப்பத்தை அளக்கத் தெரிந்தவர், ரசாயனம் தெரிந்தவர், பேரேடு எழுதத் தெரிந்தவர், மக்களிடம் பேசத் தெரிந்தவர் என நால்வகை மாணவர்களும் நடந்தோ ஒரே பேருந்திலோ வந்து சேரும் தொலைவில் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கும் இது தேவை. பொறியியல் பட்டப்படிப்பில் 600 முதல் 700 மணி நேரம் வரை களப்பயிற்சி இருக்க வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் கொள்கை கூறுகிறது. பயிற்சிக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த எந்தப் பெற்றோரும் அறிவர். பணம் கட்டிப் 'பயிற்சிச் சான்றிதழ்' வாங்கும் கடைகள் பெருகியதற்குக் காரணமும் அதுவே. ஒரு பக்கம் இடம் தேடும் மாணவர்கள், மறுபக்கம் கணக்கெழுத ஆளில்லாத சங்கங்கள். இடையில் ஒரு ரயில் பாதைதான் இருக்கிறது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 1973-இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் விலை எகிறியபோது, அமெரிக்க அரசு 1976-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மாணவர் குழுவோடு சிறு, நடுத்தர ஆலைகளுக்குச் செல்வார். ஒரு நாள் முழுவதும் கொதிகலன், மோட்டார், விளக்கு, அழுத்தக் காற்று எல்லாவற்றையும் அளப்பார்கள். இரண்டு மாதங்களுக்குள், என்ன மாற்றம் செய்தால் என்ன செலவு, எத்தனை மாதத்தில் அது திரும்பக் கிடைக்கும் என்று அறிக்கை கொடுப்பார்கள். சில மாதங்கள் கழித்து, சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று மறுபடியும் கேட்பார்கள். ஆலைக்குக் கட்டணம் இல்லை. நான்கு பத்தாண்டுகளுக்கும் மேலாக, இருபதாயிரத்துக்கும் அதிகமான ஆய்வுகள் இவ்வாறு நடந்தன. அங்கே பயின்ற மாணவர்கள் எரிசக்தித் துறையின் வல்லுநர்களாயினர். 2008-இலிருந்து அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற தன்னார்வ அமைப்பும், மேலாண்மை மாணவர்களைக் கோடை விடுமுறையில் நிறுவனங்களுக்கு அனுப்பி எரிசக்திச் சிக்கனத்துக்கு வழி கண்டது.

இவற்றிலிருந்து கற்க வேண்டியவை மூன்று. மாணவர் தனியே போவதில்லை, பொறுப்பேற்கும் ஆசிரியர் உடன் போகிறார். எடுத்த விவரங்கள் ஆலையின் பெயரில்லாமல்தான் பொதுவில் வைக்கப்படுகின்றன. சொன்னதைச் செய்தார்களா என்று பின்னர் சரிபார்க்கப்படுகிறது.

ஐந்நூறு நிறுவனங்களோடு நிற்பது ஏன்?

இனி தில்லியின் பொறுப்புக்கு வருவோம். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு நாட்டின் தலைசிறந்த 500 நிறுவனங்களில் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்பது வாக்குறுதி. அதே ஆண்டு அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய முதல் சுற்றில் 1 லட்சத்து 27 ஆயிரம் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 82 ஆயிரம் அழைப்புகள் அனுப்பப்பட்டன. ஏற்றுக்கொண்டவை 28 ஆயிரம். உண்மையில் சேர்ந்தவர்கள் 8,700 பேர் மட்டுமே என்று நாடாளுமன்றத்திலேயே அரசு தெரிவித்தது. 2024-25-க்கு ஒதுக்கிய 2,000 கோடி ரூபாய், திருத்திய மதிப்பீட்டில் 380 கோடியாகச் சுருங்கியது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டுக்கு 10,831 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

பணம் இருக்கிறது, சேர்பவர் இல்லை. அழைப்பு வந்தும் இளைஞர்கள் போகாததற்குப் பல காரணங்கள் உண்டு. தொலைவான ஊர், தெளிவில்லாத வேலை, 5,000 ரூபாயில் வேற்றூரில் தங்கிச் சாப்பிட முடியாத நிலை ஆகியவை அவற்றுள் எளிதில் ஊகிக்கக்கூடியவை. தாராவியிலும் மாதுங்கா தொழிலாளர் குடியிருப்பிலும் வளர்ந்து ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ பட்டமோ முடித்த ஒரு பெண், தன் வீட்டிலிருந்தே சென்று தன் தெருவின் பட்டறைகளை அளக்கும் வேலை என்றால், இந்த மூன்று தடைகளும் அவளுக்கு இல்லை. ஆனால் திட்டத்தின் விதிப்படி பயிற்சி தருபவை பெரிய நிறுவனங்கள். நாட்டில் மிக அதிகமானோருக்கு வேலை தரும் சிறுதொழில்களின் சங்கங்களுக்கு அங்கே நேரடி இடம் இல்லை.

தேவையான திருத்தங்கள் இவை. பதிவுபெற்ற சிறுதொழில் சங்கங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பயிற்சி தரும் அமைப்புகளாக ஏற்க வேண்டும். அருகிலுள்ள அரசுக் கல்லூரி ஒன்று அந்தப் பயிற்சிக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்க வேண்டும். முழுநேரப் படிப்பில் இருப்பவர்களை இந்தத் திட்டம் ஏற்பதில்லை என்பதால், புதிய பட்டதாரிகளை உள்ளாட்சி அமைப்புகளோடு இணைக்கவென 2020 ஜூனில் தொடங்கிய 'டியூலிப்' திட்டத்தைப் படிக்கும் மாணவர்களுக்கும் விரிவுபடுத்தி, அவர்களையும் இதே வேலையில் சேர்க்கலாம். மாநகராட்சிக்குக் காலநிலைத் திட்டம் இருக்கிறது. அதற்கு வேண்டிய அடிமட்ட விவரம் கிடைக்கும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிறுவன விவகார அமைச்சகம், கல்வி அமைச்சகம், வீட்டுவசதி நகர்ப்புற அமைச்சகம் ஆகிய மூன்றும் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டால் போதும்.

அச்சங்கள் நியாயமானவை

தாராவிப் பட்டறைக்காரர் முதலில் கேட்கப்போவது வேறு. "என் கணக்கை எழுதி யாரிடம் கொடுப்பீர்கள்?" என்பார். வரித்துறைக்கா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கா, மறுசீரமைப்பு நிறுவனத்துக்கா? கணக்கெடுக்க வந்தவர்களால் தாராவி மக்கள் பலமுறை அலைக்கழிக்கப்பட்டவர்கள். ஆகவே எடுக்கப்படும் விவரம் சங்கத்தின் சொத்து என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்த அதிகாரியும் அதை வெளியேற்றத்துக்கோ அபராதத்துக்கோ ஆதாரமாக்கக் கூடாது. மாணவர் ஆய்வாளராக அல்லாமல் உதவியாளராகவே செல்ல வேண்டும். இந்த உறுதி இல்லாமல் தொடங்கினால் முதல் வாரத்திலேயே கதவுகள் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது அச்சம், ஏழையின் மீது பழி. செம்பூரின் ஒரு சுத்திகரிப்பு ஆலையோடு ஒப்பிட்டால் தாராவியின் முறுக்கு அடுப்பெல்லாம் கணக்கிலேயே வராது. அவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானது. மும்பையின் 2050 இலக்கு, முதலில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பெரிய ஆலைகளையுமே சார்ந்தது. அந்தப் பொறுப்பை யாரும் தாராவியின் தலையில் இறக்கி வைக்க விடக் கூடாது. ஆனால் தன் பங்கு எவ்வளவு சிறியது என்பதை நிறுவுவதற்கும் கணக்கு வேண்டும் அல்லவா?

மூன்றாவது, கணக்கு எல்லாவற்றையும் சாதகமாகச் சொல்லாது. நெகிழியை உருக்கும்போது எழும் புகையை முகக்கவசமின்றி நாள் முழுவதும் சுவாசிப்பவரின் உடல்நலம், கரியமில வாயுக் கணக்கில் வராது. கும்பார்வாடாச் சூளையின் கறுத்த புகை பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பாதிக்கிறது என்றால், அதை மறைக்கக் கூடாது. கரியமில வாயு வேறு, நச்சுப் புகை வேறு. ஆனால் இரண்டுக்கும் மூலம் அதே எரிபொருள்தான் என்பதால், ஒன்றை அளக்கப் போகிறவர் மற்றதையும் குறித்துவர முடியும். சங்கம் தன் உறுப்பினரின் பட்டறையில் உள்ள குறையைத் தானே அறிந்து, காற்றுப்போக்கி வைப்பதோ சூளையை மாற்றுவதோ வெளியிலிருந்து வரும் உத்தரவுக்குக் காத்திருப்பதைவிட மேல்.

நான்காவது, கூலியில்லா உழைப்பு. களப்பயிற்சி என்ற பெயரில் மாணவரைக் காசில்லாமல் வேலை வாங்குவது நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. மாதம் 5,000 ரூபாய் மும்பையில் போதாது. ஆயினும் வீட்டிலிருந்து சென்று வரும் உள்ளூர் இளைஞர்களை முதலில் தேர்வது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். பெரு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்க்கவும் இடமுண்டு.

திருப்பூர் சொல்லும் பாடம்

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஊரே ஸ்தம்பித்தது. எச்சரிக்கை பல ஆண்டுகளாக இருந்தது. விவசாயிகள் பல ஆண்டுகளாக வழக்காடினர். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் இறுதியில் மாறியது பெரும்பாலும் தனித்தனிப் பட்டறையாக அல்ல. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூலம், கூட்டாகத்தான். அதே கூட்டு முயற்சி சில ஆண்டுகள் முன்பே முழு வேகத்தில் நடந்திருந்தால் எத்தனை தொழிலாளர் குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று இன்றும் அங்கே பேசுவார்கள்.

மும்பையின் பேக்கரிகளுக்கு ஆறு மாதம் கிடைத்தது. தாராவியின் தோல், நெகிழி, மண்பாண்டம், பலகாரத் தொழில்களுக்கு எவ்வளவு காலம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மறுசீரமைப்புத் திட்டம் நகரத் தொடங்கிவிட்ட நிலையில் அது நீண்ட காலமாக இருக்க வாய்ப்பில்லை. நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில், பயிற்சித் திட்டத்துக்கு ஒதுக்கிய கோடிகளில் எவ்வளவு செலவானது என்று கேட்கும் உறுப்பினர்கள், கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: சிறுதொழில் சங்கங்களுக்கு அந்தத் திட்டத்தின் கதவு எப்போது திறக்கும்? மகாராஷ்டிரத்தின் உறுப்பினர்களுக்கு இதில் இருக்கும் அக்கறை தமிழகத்தின் உறுப்பினர்களுக்கும் இருக்க வேண்டும். தாராவியில் பட்டறை நடத்துவோரில் கணிசமானோர் நம்மவர்கள். திருப்பூரிலும் வாணியம்பாடியிலும் சிவகாசியிலும் இதே கணக்கு எழுதப்பட வேண்டிய நாளும் தொலைவில் இல்லை.